வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்துச் செட்டிநாட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு: எஃப்எம்ஜிஇ தேர்வை எழுதும் வழி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர் என்று நம் பக்கத்தில் எந்த ஊரில் விசாரித்தாலும், ரஷ்யாவிலோ பிலிப்பைன்ஸிலோ ஜார்ஜியாவிலோ கிர்கிஸ்தானிலோ டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது. கடல் கடந்து போவது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர் இது. ஆனால் மருத்துவம் படித்துத் திரும்புகிற பிள்ளைக்கு, பட்டம் கையில் இருந்தாலும் ஒரு மாத்திரை எழுதித் தரும் உரிமை இங்கே கிடையாது. அதற்கு வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வில் தேற வேண்டும். எல்லோரும் எஃப்எம்ஜிஇ என்று சொல்வது இதைத்தான். 2002ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன்–ஜூலையை ஒட்டி ஒன்றும் டிசம்பர்–ஜனவரியை ஒட்டி ஒன்றுமாக, நடத்துகிறது.

பெரும்பாலான அமர்வுகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறியதில்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆறு வருடம் கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளைகள் இத்தனை பேர் தடுக்கி விழுவதற்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்தத் தேர்வு ஓர் இந்தியத் தாலுகா மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் வந்து நிற்கும் நோயாளியை மனத்தில் வைத்துக் கேட்கப்படுகிறது. படித்ததோ வேறு நாட்டு நோயாளிகளைப் பார்த்து. இந்த இடைவெளியை அடைக்கும் வேலைதான் தயாரிப்பு. அதற்குச் சொந்த ஊரைவிட நல்ல இடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த விதியின் கீழ் வருகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

2021 நவம்பர் 18ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் புதிய உரிம விதிகளைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு கல்லூரியில் சேர்ந்தவர்களுக்குப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதம் இன்டர்ன்ஷிப்பும் முடித்திருக்க வேண்டும். படித்த நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமகனைப் போல மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதியும் வேண்டும். எல்லாமே சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் முடிய வேண்டும். இந்தியாவில் செய்யும் 12 மாத இன்டர்ன்ஷிப் இதற்கு மேல் தனி. 2021 நவம்பர் 18க்கு முன்பே சேர்ந்தவர்களுக்குப் பழைய 2002 விதிகள்.

ஐந்தாம் ஆண்டில் இருப்பவர்கள் இதை இப்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது. ‘ஏஜென்ட் சொன்னார்’ என்பதெல்லாம், கடைசியில் உங்களை டாக்டராகப் பதிவு செய்யும் மருத்துவக் கவுன்சிலில் எடுபடாது. கொரோனா காலத்திலோ உக்ரைன் போர்க் காலத்திலோ ஆன்லைனில் படித்தவர்கள், அந்தப் பாடங்களை நேரில் ஈடுசெய்ததற்கான சான்றைக் கல்லூரியில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். ஊருக்கு வந்த பிறகு மின்னஞ்சலில் அதைப் பெறுவது பெரும்பாடு.

காகிதம்

படிப்பைவிட இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் கடைசி வாரம்வரை இதைத் தொடுவதில்லை.

விண்ணப்பத்துக்கு வேண்டியவை: பட்டச் சான்றிதழ், அதில் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமோ, பட்டம் தந்த நாட்டு அரசே அது அசல் என்று உறுதி செய்யும் அப்போஸ்டில் முத்திரையோ. மருத்துவ ஆணையம் தரும் தகுதிச் சான்றிதழ், அல்லது 2018 முதல் போனவர்களுக்கு நீட் தேர்ச்சி. பாஸ்போர்ட், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், ஆண்டுவாரியான மதிப்பெண் விவரம். பட்டம் வேறு மொழியில் இருந்தால் அதிகாரபூர்வ ஆங்கில மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு அமர்வுக்கும் இன்ன தேதிக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு கெடு உண்டு. அதைத் தாண்டி வாங்கிய பட்டத்துக்கு அடுத்த அமர்வுதான்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். மேஜையில் ஒரு பிள்ளையின் காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ்.பி.எல். மெய்யப்பன்’ என்று மூன்று எழுத்து விலாசத்தோடு, அதாவது முதலெழுத்துகளோடு இருக்கும். ஆதாரில் ‘மெய்யப்பன் பி’. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் முழுதாக. அதைப் பார்த்து ரஷ்ய எழுத்துக்கு மாற்றி, மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பட்டத்தில் மெய்யப்பனுக்கு ஒரு எழுத்து குறைந்திருக்கும். நான்கு காகிதத்தில் நான்கு ஆட்கள்! வீட்டில் எல்லோருக்கும் அது ஒரே பிள்ளை என்று தெரியும். சரிபார்க்கும் அலுவலருக்குத் தெரியாது.

இதற்கான வழி: பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அந்த நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கல்லூரியில் திருத்தி வாங்குங்கள். முதலெழுத்து விரிவு மட்டும்தான் வித்தியாசம் என்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, ஒரு பிரதியை ஸ்கேன் செய்து வைத்திருங்கள். பெயரே மாறியிருந்தால் தமிழக அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும், அதனால் முதலில் தொடங்க வேண்டிய வேலை அதுதான்.

பழைய பாஸ்போர்ட்டைத் தொலைக்காதீர்கள். போய்வந்த குடிநுழைவு முத்திரைகள் பின்னால் கவுன்சிலில் கேட்கப்படும். படிக்க வேண்டிய காலத்தில் நீங்கள் அந்த நாட்டில்தான் இருந்தீர்கள் என்பதற்கு அந்த முத்திரைகளே சாட்சி. நம் வீடுகளில் ஐயா காலத்து ரங்கூன் கணக்கே பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது, இந்தப் பாஸ்போர்ட்டும் அங்கேயே இருக்கட்டும்.

விண்ணப்பம் திறந்த முதல் சில நாட்களிலேயே போட்டுவிடுங்கள். புகைப்படம், கையெழுத்து, கட்டைவிரல் ரேகை ஆகியவை வாரியம் சொன்ன அளவில் இல்லை என்றால் திருத்துவதற்கு ஒரு சின்னக் கால அவகாசம் தருவார்கள். ஸ்டுடியோவில் வெள்ளைப் பின்னணியில் புதிதாக எடுத்த படத்தையே ஏற்றுங்கள், கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது வேண்டாம். குறை இருப்பதாக வரும் தகவல் மின்னஞ்சலிலும் உங்கள் விண்ணப்பக் கணக்கிலும்தான் வரும். பதிவு செய்த மின்னஞ்சல் உங்களுடையதாகவே இருக்கட்டும், பிரவுசிங் சென்டர்க்காரருடையதாக இருக்கக் கூடாது. ஆவணக் குறையைச் சரிசெய்யாவிட்டால், நன்றாக எழுதியிருந்தாலும் தேர்வு முடிவு நிறுத்தி வைக்கப்படும்.

தேர்வு எப்படி இருக்கும்

ஒரே நாள், கணினியில். மொத்தம் 300 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். காலையில் 150, மதியம் 150. ஒவ்வொரு வேளைக்கும் 150 நிமிடம். 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். இதன் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை எதுவும் போடுவதில்லை. 149 எடுத்தவர் தோல்வி, 150 எடுத்தவரும் 240 எடுத்தவரும் ஒன்று.

2024 முதல் வாரியம் தன் தேர்வுகளில் நேரம் பூட்டிய பிரிவுகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஒரு பிரிவின் நேரம் முடிந்தால் அடுத்தது தானாகத் திறக்கும், திரும்பிப் போக முடியாது. ‘கஷ்டமானதைக் கடைசியில் பார்த்துக்கலாம்’ என்ற பழைய பழக்கம் இனி உதவாது. ஒவ்வொரு அமர்வின் தகவல் கையேட்டையும் முழுதாகப் படியுங்கள். யூடியூபில் ஒருவர் சுருக்கிச் சொன்னதைக் கேட்பது அதற்கு ஈடாகாது.

இந்தத் தேர்வுக்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வு வரும் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அது வரும்வரை காத்திருக்கலாம் என்று யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது

பொது மருத்துவம் 33, அறுவை சிகிச்சை 32, மகப்பேறு 30, சமூக மருத்துவம் 30. இந்த நான்கு மட்டுமே 125. குழந்தை மருத்துவம், கண், காது–மூக்கு–தொண்டை ஆகியவை ஒவ்வொன்றும் 15. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஒவ்வொன்றும் 17. நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஒவ்வொன்றும் 13. தடயவியல் மருத்துவம் 10. மனநலம், தோல், எலும்பு, மயக்கவியல், கதிரியக்க நோயறிதல், கதிரியக்க சிகிச்சை ஆறுக்கும் தலா 5.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு உடற்கூறிலிருந்து தொடங்கி வரிசையாகப் போகிறவர்கள்தான் அதிகம். முதலாண்டுப் பாடத்திலேயே இரண்டு மாதம் போய்விடும். என் யோசனை வேறு. நோயியல், மருந்தியல், நுண்ணுயிரியல் மூன்றையும் முதலில் முடியுங்கள். மதிப்பெண் 39தான், ஆனால் பொது மருத்துவமும் அறுவை சிகிச்சையும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கின்றன. அப்புறம் மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை. கண்ணும் காதும் சின்னப் பாடங்கள். படங்களோடு படித்தால் ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்குள் முடியும், மதிப்பெண்ணும் நம்பகமாக வரும். உடற்கூறு, உயிர்வேதியியல் இரண்டிலும் அடிக்கடி கேட்கப்படும் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நரம்புக் காயங்கள், மண்டை நரம்புகள், கருவியலில் குறைபாடுகள், வைட்டமின்கள், பிறவி வளர்சிதைக் கோளாறுகள் போன்றவை. மொத்தத்தையும் பிடிக்கப் போனால் எதுவும் நிற்காது.

சமூக மருத்துவமும் தடயவியலும் தனி. இவை இரண்டும் சேர்ந்து 40 மதிப்பெண். வெளிநாட்டில் இவற்றை நம் நாட்டுக்கு ஏற்ற மாதிரி யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். புதிதாகப் படிப்பதாகவே நினைத்துக்கொண்டு, ஆரம்பத்தில் ஒருமுறை, கடைசி மாதத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் கொடுத்த பழைய நோட்ஸை நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொடுங்காயத்துக்கான வரையறையில் 20 நாள் என்றிருந்தது 15 நாளாகிவிட்டது. பிரிவு எண்களும் மாறிவிட்டன. சந்தேக மரண விசாரணைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 என்று மனப்பாடம் செய்தவர்கள், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தம் வந்து, குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம்வரை அனுமதி உண்டு. காசநோயாளிக்குச் சத்துணவுக்காகத் தரும் உதவி மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ஆனது 2024 நவம்பரில். நோட்ஸ் எந்த வருடத்தது என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இது அகில இந்தியத் தேர்வு. மக்களைத் தேடி மருத்துவம், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி எல்லாம் ஊரில் நமக்கு நன்றாகத் தெரிந்தவை, வேலைக்கு வந்த பிறகு தேவைப்படும். தேர்வுக்குத் தேசியத் திட்டங்களைத்தான் படிக்க வேண்டும்.

புதன்கிழமை காலை

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் முறையாக அனுமதி கேட்டு, ஓரமாக ஒரு நாற்காலியில் இரண்டு மூன்று புதன்கிழமைகள் உட்காருங்கள். தடுப்பூசி அட்டவணையைப் புத்தகத்தில் பத்துத் தடவை படித்தும் மறப்பவர்களுக்கு, இது மறக்காது.

ஆறு வாரக் குழந்தை ஒன்று வருகிறது. வாயில் போலியோ சொட்டு இரண்டு, ரோட்டா, இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியா தடுப்பூசி, வலது மேற்கையில் தோலுக்குள் சின்னதாக ஒரு போலியோ ஊசி. எது எங்கே என்று கேள்வியில் வரும்போது அந்தக் குழந்தையின் அழுகைதான் நினைவுக்கு வரும். கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்து நிலையத்தில் ஒரு தம்பி, “பிசிஜி குப்பியைத் திறந்தா எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்க்கா?” என்று கேட்டதற்கு, “கலக்குன நேரத்த குப்பி மேலயே எழுதிருவோம் தம்பி. நாலு மணி நேரம் தாண்டிட்டா மிச்சம் இருந்தாலும் எடுக்கக் கூடாது. பென்டாவுக்கு அப்படி இல்ல, சரியா வச்சிருந்தா இருபத்தெட்டு நாள் வரும்,” என்று சொல்லிவிட்டு, குப்பி மேல் இருக்கும் வெப்பக் குறியைக் காட்டினார். உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறம் ஆகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்த குப்பி விதி, குளிர்த்தொடர், வெப்பக் குறி என்று மூன்று கேள்விக்கான விடை ஒரே மூச்சில் வந்துவிட்டது.

பார்வையாளராக மட்டும் உட்கார வேண்டும், எதையும் தொடக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்வுக்குப் படித்துக்கொண்டே ‘டியூட்டி டாக்டர்’ வேலைக்கு வா என்று கூப்பிடும் சின்ன மருத்துவமனைகள் உண்டு. பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டுவரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ராத்திரி ஷிப்டுக்குக் கிடைக்கும் பணம் எதிர்காலத்தைப் பணயம் வைக்கும் அளவுக்கு இல்லை. வீட்டில் பணக்கஷ்டம் என்றால் டியூஷன் எடுங்கள், அது கௌரவமான வழி.

நம் பக்கத்து நோயாளியை வைத்துப் படியுங்கள்

பனி விழும் நாட்டில் ஆறு வருடம் இருந்த பிள்ளை பாம்புக்கடியைப் பார்த்திருக்க மாட்டான். இங்கே கண்மாய்க் கரையிலும் வயக்காட்டிலும் அது நடப்பு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டு விஷமுறிவு மருந்து தயாராகிறது.

தேர்வில் எப்படி வரும்? தரையில் படுத்துத் தூங்கிய விவசாயி விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்தார், இமை தொங்குகிறது, கடிவாய் எதுவும் தெரியவில்லை என்று இருக்கும். அது கட்டுவிரியன். கடித்த இடம் வீங்கி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவு என்றால் கண்ணாடிவிரியன். உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிற சோதனை எதற்கு, குழந்தைக்கு விஷமுறிவு மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். குறைக்கக் கூடாது. பாம்பு பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே அளவு விஷத்தைத்தான் ஏற்றுகிறது. நியோஸ்டிக்மின் நல்லபாம்புக்கு உதவும், கட்டுவிரியனுக்குப் பெரிதாக உதவாது. ஏன் என்று நரம்பு முனையின் படத்தைப் போட்டுப் பார்த்தால் மருந்தியலும் உடலியங்கியலும் சேர்ந்தே படித்து முடிந்துவிடும்.

அதேபோல அரளி விதை. மஞ்சள் அரளியைத் தின்றவருக்கு இதயத்துடிப்பு குறையும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். டிஜாக்ஸின் விஷத்தின் அதே வழி. பூச்சிமருந்து குடித்தவருக்குக் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, எச்சிலும் வியர்வையுமாக வருவார். அட்ரோபின் எப்போது போதும் என்று நிறுத்துவது, கண்மணியைப் பார்த்தா நுரையீரலைக் கேட்டா? நுரையீரலை. மழைக்காலத்துக்குப் பிறகு விடாத காய்ச்சல், அக்குளிலோ தொடை மடிப்பிலோ சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. உண்ணிக்காய்ச்சல், டாக்ஸிசைக்ளின். டெங்கு, எலிக்காய்ச்சல், காசநோய், ரத்தசோகையோடு வரும் கர்ப்பிணி என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எல்லாப் பாடத்தையும் ஒரே இடத்தில் எழுதிப் பாருங்கள். இருபது பாடத்தைத் தனித்தனியாகச் சுமப்பது கடினம், நாற்பது ஐம்பது நோயாளிகளை நினைவில் வைத்திருப்பது அவ்வளவு கடினமில்லை.

கேள்விப் பயிற்சி

பாடத்தை முடித்த பிறகு கேள்வி போடலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். படித்த அன்றே அந்தப் பகுதியிலிருந்து ஐம்பது கேள்வி, ஐம்பது நிமிடத்தில். தவறாகப் போனவற்றுக்கு மட்டும் ஒரு தனி நோட்டு. அந்த நோட்டுதான் கடைசிப் பத்து நாளில் உங்கள் புத்தகம். படக் கேள்விகள் நிறைய வருகின்றன. எக்ஸ்ரே, இசிஜி, தோல் நோய், கருவிகள், நுண்ணோக்கிப் படங்கள் என்று தினமும் கொஞ்சம் பார்த்து வாருங்கள்.

முழு மாதிரித் தேர்வை வாரம் ஒன்றாவது, நிஜத் தேர்வின் நேரத்திலேயே எழுதுங்கள். 150க்குக் குறி வைத்தால் 140இல் நிற்பீர்கள். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 180ஐத் தொட்டால் நிம்மதியாக உட்காரலாம். அடுத்தடுத்து எழுதியும் 130ஐத் தாண்டவில்லை என்றால், அந்த அமர்வுக்குப் போவதா என்று வீட்டோடு உட்கார்ந்து பேசுங்கள்.

டெல்லியிலோ சென்னையிலோ கோச்சிங் சேருவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அடிப்படை மிகவும் பலவீனமாக இருந்து, தனியாக உட்கார்ந்தால் படிப்பு ஓடாது என்பவர்கள் போகலாம். மற்றவர்களுக்கு ஒரு நல்ல ஆன்லைன் வகுப்பும், காரைக்குடியிலேயே சேர்ந்து படிக்க இரண்டு பேரும் போதும். பாஸ் போட்டுத் தருகிறேன், கேள்வித்தாள் வாங்கித் தருகிறேன் என்று டெலிகிராமில் வருகிறவர்கள் அத்தனை பேரும் மோசடிக்காரர்கள். பணம் போவது ஒரு பக்கம், 2024இல் வந்த பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் வேறு இருக்கிறது.

வீடு

நம் வீடுகளில் இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் முகப்பில் உட்கார்ந்து படிக்காதீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லோரும், “என்னப்பா, எப்ப ஆஸ்பத்திரி வைக்கப் போறே?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். அதற்குப் பத்துத் தடவை பதில் சொன்னால் அன்றைய படிப்பு போயிற்று. இரண்டாம் கட்டில் ஓர் அறை, இல்லாவிட்டால் மாடியில் ஒரு மூலை. சித்திரை வெயிலில் மதியம் மாடியில் உட்கார முடியாது, அப்போது கீழே இறங்கி, விடியற்காலையில் மேலே போங்கள்.

டிசம்பர் அமர்வுக்குத் தயாராகிறவர்களுக்குப் பிள்ளையார் நோன்பு குறுக்கே வரும். போய் இழை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள், அதில் ஒரு மணி நேரம் போனால் பரவாயில்லை, மனத்துக்கும் நல்லது. தைப்பூசப் பாதயாத்திரையும், வைகாசியில் வரிசையாக வரும் கல்யாணங்களும் அப்படியில்லை. நாள்கணக்கில் இழுக்கும். இந்த ஒரு வருடம் மட்டும் விட்டுக்கொடுக்கும்படி ஆத்தாவும் அப்பச்சியும் உறவுகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். பிள்ளை சொன்னால் மரியாதைக் குறைவாகத் தெரியும், பெற்றவர்கள் சொன்னால் எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. முதல் முறை தேறாத பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே தூங்காமல் இருக்கிறார்கள். சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே இருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தேர்வு நாள்

கேட்ட ஊரிலேயே மையம் கிடைக்கும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. மதுரையோ திருச்சியோ என்றாலும், எண்பது தொண்ணூறு கிலோமீட்டர்தானே என்று விடிகாலையில் காரில் கிளம்பாதீர்கள். முதல் நாளே போய்த் தங்குங்கள். சென்னை என்றால் காரைக்குடியிலிருந்து விடியற்காலை கிளம்பும் பல்லவனில் முதல் நாள் போனால் மதியம் சேர்ந்துவிடலாம், சாயங்காலம் மையத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து படுக்கலாம். தெரியாத ஊரில் தேர்வு மையம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியாக இருக்கும்.

ஹால் டிக்கெட்டை அச்செடுத்து, சொன்ன இடத்தில் புகைப்படம் ஒட்டி, அசல் அடையாள அட்டையோடு எடுத்துப் போங்கள். ஹால் டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை இன்னொரு முறை சொல்கிறேன். நகைக்கு அனுமதி இல்லை. மோதிரம், தோடு, மூக்குத்தி, சங்கிலி, வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். வாசலில் வைத்து மூக்குத்தியைக் கழற்ற முடியாமல் அழுகிற பெண்பிள்ளைகளைப் பார்ப்பது வேதனையாக இருக்கும். கடிகாரமும் கைப்பேசியும் கூடாது. கதவு மூடிய பிறகு ஒரு நிமிடம் தாமதமானாலும் உள்ளே விட மாட்டார்கள்.

அதற்கு முன்பே வாரியத்தின் தளத்தில் வெளியாகும் டெமோ தேர்வை ஒருமுறை செய்து பாருங்கள். திரையில் எந்தப் பொத்தான் எங்கே என்று தெரிந்துவிடும். உள்ளே உட்கார்ந்த பிறகு ஒரு கேள்விக்கும் விடை காலியாக இருக்கக் கூடாது. குறைப்பு மதிப்பெண் இல்லாத தேர்வில் தெரியாததை விட்டுவிட்டு வருவது மதிப்பெண்ணைக் கையிலிருந்து போடுவதுதான். சந்தேகமானதற்கு ஒரு விடையைத் தேர்ந்தெடுத்து, மறுபார்வைக்குக் குறித்து வைத்துவிட்டு நகருங்கள். அப்படிக் குறித்த விடையும் திருத்தத்தில் சேரும்.

மதிய இடைவேளையில் காலைத் தாளைப் பற்றி யாரோடும் பேசாதீர்கள். தயிர்சாதம் மாதிரி லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்து, நிழலில் உட்காருங்கள். மருத்துவம் படித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் வெறும் வயிற்றோடு மதியத் தாளுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தேறிய பிறகு

தேர்ச்சிச் சான்றிதழை வாரியம் சொல்லும் முறைப்படி, ஆள் அடையாளம் சரிபார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்தது சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. பட்டம், மதிப்பெண் விவரம், தூதரகச் சான்றொப்பம், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் சான்று ஆகியவை இங்கே மறுபடியும் அலசப்படும்.

பிறகு 12 மாதம் ஹவுஸ் சர்ஜன், அதாவது இந்தியாவில் செய்ய வேண்டிய இன்டர்ன்ஷிப். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 2012இலிருந்தும், புதுக்கோட்டை 2017இலிருந்தும், ராமநாதபுரம் 2022இலிருந்தும் இருப்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முன்பிருந்ததைவிட வசதி கூடியிருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஒரு கல்லூரியில் இத்தனை இடம்தான் என்று வரம்பு உண்டு, எனவே காத்திருக்க நேரலாம். தற்காலிகப் பதிவு கிடைத்த அன்றே விண்ணப்பித்து வரிசையில் நில்லுங்கள். தேர்வு முடிந்த களிப்பில் இதை இரண்டு மாதம் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு, அந்த இரண்டு மாதம் பின்னால் முதுநிலை நீட் எழுதும் தகுதித் தேதியில் இடிக்கும்.

இன்டர்ன்ஷிப்பில் ஒவ்வொரு பிரிவு முடிந்ததும் துறைத்தலைவரின் கையெழுத்தை அன்றே பதிவேட்டில் வாங்கிவிடுங்கள். அவர் பணிமாறுதலாகிப் போய்விட்டால் ஒரு கையெழுத்துக்காக வேறு மாவட்டத்துக்கு அலைய வேண்டும். 12 மாதமும் முடிந்த சான்றோடு மறுபடி கவுன்சிலுக்குப் போனால் நிரந்தரப் பதிவு எண் கிடைக்கும். அசல் சான்றிதழ்களை எந்தக் கட்டத்திலும் ஏஜென்டிடமோ, வேலைக்குச் சேரச் சொல்லும் தனியார் மருத்துவமனையிடமோ கொடுத்து வைக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், வேண்டுமானால் நகல் வைத்துக்கொள்ளட்டும்.